புறக்கணிப்பு நாளில் கூப்பிட்ட பெயர்

அப்பாவின் வழக்கு டைரிகள் இருபத்தாறு என் அலமாரியில் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், அன்று நடந்தது ஒரு வரி, அடுத்த வாய்தா தேதி. கள்ளக்குறிச்சியைப் பற்றி நான் எழுதிவைக்கும் குறிப்புகளில் ஒரு நாளைக் குறித்துச் சந்தேகம் வந்தால் இந்த டைரிகளில்தான் சரிபார்ப்பேன். ஆற்றில் வெள்ளம் வந்த நாள், பஸ் ஓடாத நாள் எல்லாம் அதில் கிடைத்துவிடும். ஆனால் நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடத்து டைரியில், போகிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, 'கோர்ட் புறக்கணிப்பு' என்ற இரண்டு சொற்கள் மட்டும் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை நான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

அப்போது எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. அப்பா காலையில் இரண்டு பேப்பர் படிப்பார். படிப்பார் என்பதைவிட, குறுக்கு விசாரணை செய்வார் என்று சொல்லலாம். "இதுக்கு சாட்சி யாரு?" என்று ஒரு மந்திரியின் பேச்சைப் பார்த்துக் கேட்பார். "ஒன்பதாவது பத்தியில சொன்னதுக்கும் தலைப்புக்கும் சம்பந்தமே இல்லையே" என்று இன்னொரு செய்தியை மடக்குவார். "பேப்பர்காரன் காதுல விழாது, குளிக்கப் போங்க" என்று அம்மா சொன்ன பிறகுதான் விசாரணை முடியும்.

அந்த வாரம் பேப்பரில் வந்தது, வெளியூர்க் கோர்ட் வாசலில் வக்கீல்கள் அடிபட்ட செய்தி. அப்பா அதை மூன்று தடவை படித்தார். சட்டம் தெரிந்தவனையே அடித்தால் தெரியாதவன் கதி என்ன என்று அம்மாவிடம் கேட்டார், என்னிடம் கேட்டார், சவரம் செய்யும்போது கண்ணாடியிடமும் கேட்டார். எங்கள் ஊர் வக்கீல் சங்கத்துக்கு அவர் செயலாளர். வியாழனன்று யாரும் கோர்ட்டுக்குள் போவதில்லை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

அன்று காலை எட்டு மணிக்குக் கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நிறைமாதம். மூச்சு வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். அவள் கணவன் சந்தையில் கடுக்காய் விற்க வந்தபோது எடை விஷயத்தில் சண்டையாகி, வியாபாரியைத் தள்ளிவிட்டு, கிளைச் சிறையில் இருந்தான். அப்பா ஏற்கெனவே போட்ட ஜாமீன் மனு அன்றுதான் விசாரணைக்கு வருகிறது. ஜாமீன் கொடுக்க அடிவாரத்து விவசாயிகள் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"இன்னிக்கு நாங்க யாரும் உள்ள போறதில்லம்மா. பொங்கல் லீவு முடிஞ்சி புதன்கிழமை பாத்துக்கலாம்."

"ஏங்கய்யா?"

"வக்கீலுங்கள அடிச்சிட்டாங்க."

"எங்க வூட்டுக்காரரு வக்கீல அடிக்கலீங்களே ஐயா. யாவாரியத்தான் தள்ளிவுட்டாரு."

சமையலறையில் அம்மா சிரித்தது கேட்டது. அப்பா சிரிக்கவில்லை.

"புதன்கெழம வரிக்கும் இது தாங்காதுங்க" என்று அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "வலி வந்தா மலையில இருந்து எறக்கினு வரணும். வூட்டுல மாமியா மட்டுந்தான். அதுக்குக் கண்ணு தெரியாது."

அப்பா எழுந்து போய் வாசலைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். வக்கீல் இல்லாவிட்டாலும், கணவனின் மனுவை இன்றே விசாரிக்கும்படி மனைவி ஒரு தாளில் எழுதி நேரில் கேட்கலாம். கேட்டால் ஒருவேளை நடக்கும். ஆனால் அதை யார் எழுதுவது? குமாஸ்தா ஊருக்குப் போய்விட்டார். டைப் அடிக்கும் கடைக்குப் போனால் ஊருக்கே தெரியும். அப்பாவின் கையெழுத்தைக் கோர்ட்டில் தெரியாதவர் இல்லை. எங்கள் பள்ளிக்கு அன்றே லீவு விட்டிருந்தார்கள்.

"பாப்பா, பேனா எடுத்துகினு வா."

அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். அரைப் பக்கம். அந்தப் பெண் தமிழில் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள். அதற்குக் கீழே, அப்பாவின் தாள்கள் எல்லாவற்றிலும் பார்த்த பழக்கத்தில், 'மனுதாரர் வழக்கறிஞர்' என்று எழுதி அப்பாவின் பெயரையும் இனிஷியலோடு அழகாக எழுதினேன். அப்பா வாங்கி மேலிருந்து கீழே தன் பெயர்வரை படித்தார். ஓர் இடத்தில் விட்டுப்போன புள்ளியை வைத்தார். நான்காக மடித்து அவள் கையில் கொடுத்தார்.

எந்தக் கட்டடம் என்று காட்ட நான் கூடப் போனேன். வாசலில் கறுப்புக் கோட்டு இல்லாத வக்கீல்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் டீ கிளாசோடு நின்றுகொண்டார். எங்களைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

உள்ளே மாஜிஸ்திரேட்டும் அரசு வக்கீலும் கோர்ட் சிப்பந்திகளும்தான். மாஜிஸ்திரேட் தாளைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"வக்கீல் பேரு போட்டிருக்கே. எங்க அவரு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மாஜிஸ்திரேட் டவாலியைப் பார்த்துத் தலையசைத்தார். கட்சிக்காரர்களைக் கூப்பிடும் அதே குரலில், டவாலி வராந்தாவுக்குப் போய் அப்பாவின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். இரண்டாவது முறையிலேயே கோஷம் நின்றுவிட்டது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லாருடைய முகமும் வேப்பமரத்தடிப் பக்கம் திரும்பியிருந்தது.

"இன்னா செக்ரட்டரி சார், உள்ள கூப்புடறாங்க" என்றார் ஒருவர். "போய்ட்டு வாங்க. நாங்க இங்க கத்திகினு இருக்கறோம்."

சிரிப்பு எழுந்தது. அப்பா டீ கிளாசைக் கீழே வைத்தார். கூட்டத்தின் நடுவே நடந்து வந்தார். கோர்ட் வாசல்படியைத் தாண்டாமல் நின்றார்.

"நீங்க எழுதினதா இது?" என்று மாஜிஸ்திரேட் உள்ளிருந்தே கேட்டார்.

"நான் எழுதச் சொன்னதுங்க."

"அப்ப ஆஜராகறீங்களா?"

"கோட்டு இல்லாம எப்படிங்க ஆஜராகறது? பேரு என்னுதுதான். அந்தம்மா சொல்றத மட்டும் கேட்டுடுங்க."

அவள் சொன்னாள். எங்கள் வீட்டுப் படியில் சொன்னதையே சொன்னாள், மாமியாரின் கண் வரைக்கும். அரசு வக்கீல் ஆட்சேபனை இல்லை என்றார். சாயங்காலம் அவள் கணவன் கிளைச் சிறையிலிருந்து வெளியே வந்தான். கடைசி பஸ்ஸில் இருவரும் மலைக்குப் போனார்கள்.

அவர்களை ஏற்றிவிட்டு அப்பா வீடு திரும்பியபோது சங்கத் தலைவர் வந்து காத்திருந்தார். அப்பாவைவிட மூத்தவர், அப்பாமேல் பிரியம் உள்ளவர். அம்மா கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"தீர்மானம் போட்டவரு நீங்களே, போனவரும் நீங்களேன்னு பசங்க கொதிக்கறாங்க. பாப்பாதான எழுதிச்சாம்? வீட்டுல சொன்னாங்க. கொழந்த தெரியாம பேரப் போட்டுடுச்சின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் பாத்துக்கறேன். இல்லன்னா பொங்கல் கழிச்சி செக்ரட்டரி பதவிக்கு வேற ஆளத் தேடுவாங்க."

அப்பா என்னைக் கூப்பிட்டார். மறுபடியும் பேனா, தாள். தலைவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. பெயரை எழுதியவள் நான். அப்பா சொன்ன வாக்கியம் சின்னது: என் பெயர் போட்ட மனு புறக்கணிப்பு நாளில் நீதிமன்றத்தில் கொடுக்கப்பட்டது, அதற்கு நானே பொறுப்பு. எழுதும்போது 'என் பெயர்' என்பதற்குப் பின்னால், நானாகவே, 'தவறுதலாக' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டேன். அப்பாவைக் காப்பாற்ற அந்த ஒரு சொல் போதும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அப்பா படித்துப் பார்த்தார். பேனாவை வாங்கி அந்தச் சொல்லின்மேல் ஒரே கோடு போட்டுக் கையெழுத்திட்டார். தலைவர் அந்தத் தாளையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பையில் வைத்துக்கொண்டார்.

நான் அப்பாவோடு போகி முழுக்கப் பேசவில்லை. தப்பு என்னுடையது. அதைத் தப்பு என்று சொல்லக்கூட என்னை விடவில்லையே என்று கோபம்.