கலர் ஏறிய சொல்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் மாரிசெல்விக்குப் பதினோரு வருட வேலை. காதுகுத்து பேனரில் ஐம்பது சொந்தக்காரர் முகத்தை, எந்த மாமனும் கோபித்துக்கொள்ளாதபடி அடுக்க அவளைவிட்டால் ஆளில்லை. யாருக்கு எந்த இரண்டு கலரில் பார்டர் என்று அவள் கேட்பதே இல்லை. இங்கே சாதியைப் பெயருக்குப் பின்னால் எழுத வெட்கப்படுவார்கள். அதன் கலரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கைக்கயிற்றில் கட்டுவார்கள், மின்கம்பத்தில் பூசுவார்கள்.

போன தை மாதம் ஒரு நடிகர் பட விழா மேடையில், தன்னை எதிர்ப்பவர்களுக்கு ஒரே பதில்தான் என்று சொல்லி, கூலிங் கிளாஸை இறக்கி, "கீழ பாரு" என்றார். கைதட்டல் ஓயவில்லை. மூன்று நாளில் எல்லார் போனிலும் அதுதான். கிரிக்கெட்டில் ஜெயித்தாலும் கீழ பாரு, மல்லிகைப்பூ விலை ஏறினாலும் கீழ பாரு. மாரிசெல்விக்கும் அந்த நடிகரைப் பிடிக்கும். இந்த ஊரில் முதன்முதலாக அதை பைக் ஸ்டிக்கராக வெட்டியவள் அவள்தான். வெள்ளை எழுத்து, சாயங்காலத்துக்குள் நாற்பது விற்றது.

அடுத்த வாரம், அவள் ஊர் மேலத்தெரு பாண்டிராஜ் வந்தான். "எங்க கலர்ல போட்டுத் தா." பழகிய கை, யோசிக்காமல் போட்டுக் கொடுத்துவிட்டது.

வெள்ளையில் சினிமாவாக இருந்தது, கலர் ஏறியதும் உத்தரவாகிவிட்டது. கீழத்தெரு ஆட்கள் எதிரே வந்தால் மேலத்தெருப் பையன்கள் பைக்கை மெதுவாக்கி அதைச் சொன்னார்கள். குனியாத ஒருவரின் சைக்கிள் கிணற்றில் கிடந்தது. புகார் கொடுக்கப் போனவரை ஸ்டேஷனில், "சினிமா வசனம்பா, போ" என்று திருப்பி அனுப்பினார்கள். தாத்தன்மாரைத் துண்டை இடுப்பில் கட்டச் சொன்ன அதே திமிர்தான். இப்போது அதற்கு விசிலும் கிடைக்கிறது.

மாரிசெல்வி வீடும் கீழத்தெருவில்தான். அவள் புருஷன் மூக்காண்டி விசைத்தறித் தொழிலாளி. "நான் எதுக்குட்டி குனியணும்? எனக்கென்ன கழுத்துச் சுளுக்கா?" என்பான். அதுதான் அவளுக்குப் பயம்.

பங்குனியில் பாண்டிராஜ் மறுபடி வந்தான். "பத்துக்கு எட்டு பேனர். எங்க அண்ணன் பொறந்த நாளு. கீழ பாருன்னு பெருசாப் போடு."

"எங்கன கட்டப் போற?"

"ஒங்க தெரு பஸ் ஸ்டாப்புக்கு எதுக்க."

"நான் போட மாட்டேன்."

"ஸ்டிக்கர் அடிச்ச கைதானட்டி? இப்ப என்ன நோவுது?" சிரித்துக்கொண்டே சொன்னான். "ஒன் புருஷன்ட்டயும் சொல்லி வை. அவருதான் ரொம்ப நிமுந்து நடக்காரு."

முதலாளி தலையிட்டார். "போட்டுக் குடு மாரி. எழுத்துதான, கத்தியா?"

"எழுத்துதான் அண்ணாச்சி. அதுக்கு முன்னால நிக்கப் போறது என் வீட்டுக்காரரு."

"அப்ப நாளையிலருந்து வராத."

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு இறங்கினாள். பேனர் வேறு கடையில் அச்சாகி, வெள்ளிக்கிழமை விடியும்போது கட்டப்பட்டிருந்தது.

"இன்னைக்கு ஒருநா காட்டு வழியாப் போயி அடுத்த ஸ்டாப்புல ஏறுங்க" என்று கெஞ்சினாள்.

"ரோடு அவங்க அப்பன் போட்டதா?"

தூக்குச்சட்டியோடு மூக்காண்டி முன்னே நடக்க, அவளும் கூடவே போனாள். ஸ்டாப்பில் நின்ற பத்துப் பேரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் பேனரை அண்ணாந்து, எழுத்தெழுத்தாகப் பார்த்தான்.

மேலத்தெருவிலிருந்து மூன்று பைக்குகள் திரும்பின. முன்னால் வந்தவன் அந்த இரண்டு சொல்லையும் மெதுவாகச் சொன்னான். மூக்காண்டி அவன் கண்ணைப் பார்த்தான். மாரிசெல்வியும் பார்த்தாள். பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள்.

பைக்குகள் நின்றன. யாரும் இன்ஜினை அணைக்கவில்லை.