பெற்றோர் விருப்பம்

பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவள் நான். கரும்பலகையை மூன்றாகப் பிரித்து ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று எழுதி, கல்வி எதில் வரும் என்று கேட்டால் கடைசி பெஞ்சுகூடக் கையைத் தூக்கும். பல மொழி பேசுகிற நாட்டில் அதிகாரத்தை ஏன் பங்குபோட்டு வைத்திருக்கிறார்கள் என்று நான் நடத்தும்போது பக்கத்து வகுப்பு டீச்சர் வாசலில் நின்று கேட்பார். அப்படிப்பட்ட நான்தான் ஒரு பிள்ளையை இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் தள்ளிவிட்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பாதிதான் தெரியாமல் செய்தது.

எங்கள் உயர்நிலைப் பள்ளி பாகலூரைத் தாண்டி உள்ளே இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் நடந்தால் கர்நாடகம். எல்லை என்று பெரிதாக எதுவும் கிடையாது. பெயர்ப்பலகையின் எழுத்து மாறும், அவ்வளவுதான். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் தெலுங்கில் பேச ஆரம்பித்து, கன்னடத்தில் சண்டை போட்டு, தமிழில் சமாதானம் ஆவார்கள்.

அந்தப் பிள்ளை தமிழ்நாட்டுப் பக்கத்து ஆரம்பப் பள்ளியிலேயே கன்னடத்தில் படித்துவிட்டு ஆறாவதுக்கு எங்களிடம் வந்தாள். அந்த வருஷம்தான் எங்கள் கன்னட ஆசிரியர் ஓய்வு பெற்றார். அந்த இடம் காலியாகவே கிடந்தது. வசதி இருந்தவர்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். கன்னடப் பிரிவில் மிஞ்சியது இவள் ஒருத்தி. தலைமையாசிரியர் பொறுப்பும் அப்போது என் தலையில் இருந்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைக்கு ஆசிரியர் கேட்டு கிருஷ்ணகிரி கல்வி அலுவலகத்துக்கு நான் எழுதியிருக்கலாம். எழுதினால் கேள்வி வரும், பதில் எழுத வேண்டும், நாலு நடை போக வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு ஃபைலா என்று சலித்துக்கொண்டேன்.

அவள் அம்மாவுக்கு ரோஜாப் பண்ணையில் பூ வெட்டுகிற வேலை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“இங்கியே தமிழ்ல உக்கார வெச்சிடுங்க மேடம். கத்துக்குவா. ஊட்டுப் பக்கத்துலயே இருக்கட்டும்” என்றாள்.

“கன்னடத்துல படிச்ச புள்ளைம்மா, திணறிப் போயிடும். ரோட்டுக்கு அந்தாண்ட கவர்ன்மென்ட் ஸ்கூல் இருக்கில்ல, கன்னடம்தான். அங்க சேத்துடும்மா. நல்லா வருவா” என்றேன்.

காதில் கேட்க அக்கறையாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தது வேறு. வாசிப்பைச் சோதிக்க அதிகாரிகள் வரும் நாளில், எழுத்துக் கூட்டித் திக்குகிற ஒரு பிள்ளை என் பள்ளியில் இருக்க வேண்டாம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

“நீங்க சொன்னா சரிதான் மேடம்” என்றாள் அந்த அம்மா. மாற்றுச் சான்றிதழ் எழுதினேன். ‘நீங்கும் காரணம்’ என்ற இடத்தில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று எழுதினேன். யார் போனாலும் அங்கே அப்படித்தான் எழுதுவோம், கை தானாக எழுதிவிடும்.

அந்தப் பக்கத்துப் பள்ளி ஏழாவதோடு முடிந்துவிடும். அங்கே உயர்நிலைப் பள்ளிக்கு வெகுதூரம் போக வேண்டும் என்பதால், எட்டாவதுக்கு அவள் எங்களிடமே திரும்பி வந்தாள். திணறுவாள் என்று நான் சொன்ன பிள்ளை, அரையாண்டுக்குள் காலைக் கூட்டத்தில் தமிழ்ச் செய்தித்தாளைத் தடுமாறாமல் வாசித்தாள். பத்தாவதில் அவள்தான் முதல். பதினொன்றும் பன்னிரண்டும் ஓசூர் அரசுப் பள்ளியில் படித்தாள். பிறகு நீட் எழுதித் தேறினாள். நான் ஆசிரியர் அறையில் மைசூர்பாகு கொடுத்து, “என் ஸ்டூடண்ட்” என்று ஆளாளுக்குச் சொன்னேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதைதான்.

இடையில் ஒன்று நடந்திருந்தது. மருத்துவப் படிப்புக்கு நாடு முழுக்க ஒரே தேர்வு என்றான பிறகு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எங்கள் மாநிலம் தனி ஒதுக்கீடு கொண்டுவந்தது. மேலே இருப்பவர்கள் ஒரு கதவைச் சாத்தினால் மாநிலம் ஒரு ஜன்னலைத் திறக்கிறது பாருங்கள், கூட்டாட்சி என்றால் இதுதான் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்வேன். இவள் எடுத்த மதிப்பெண்ணுக்குப் பொதுப்போட்டியில் இடம் கிடைக்காது, அந்த ஒதுக்கீட்டில் கிடைக்கும். ஆனால் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

படிப்புச் சான்று வாங்க அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். எட்டு, ஒன்பது, பத்து என்று எழுதிவிட்டு, மேலே ஆறாவது என்ற வரிசைக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது.

“ஆறு, ஏழு அந்தாண்ட படிச்சேன் மேடம். அதுவும் கவர்ன்மென்ட் ஸ்கூல்தானே” என்றாள் பெண்.

“கவர்ன்மென்ட்தான்மா. வேற கவர்ன்மென்ட்” என்றேன்.

அந்தப் பக்கத்திலும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அங்கே ஏழு வருஷம் படித்திருக்க வேண்டுமாம். இவளிடம் இருந்தது இரண்டு. நம் பக்கத்துக்கு அந்த இரண்டு வருஷம் குறைகிறது, அவர்கள் பக்கத்துக்கு ஐந்து வருஷம் குறைகிறது.

அன்றைக்கு ஒரு கடிதம் எழுதச் சோம்பல்பட்டவள், அந்த வாரம் கிருஷ்ணகிரிக்கு மூன்று நடை போனேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். “விதி விதிதான் டீச்சர். ஆனா ஸ்கூல்ல டீச்சர் இல்லாம ஸ்கூலேதான் அனுப்பிச்சுதுன்னு ரெக்கார்டுல இருந்தா, மனு போட்டுப் பாக்கலாம். அந்த டி.சி.யில என்ன காரணம் போட்டிருக்கு?”

பார்த்துச் சொல்கிறேன் என்று எழுந்துவந்தேன். பார்க்காமலே எனக்குத் தெரியும்.

மறுநாள் அம்மாவும் பெண்ணும் எதிரே நிற்க, பீரோவிலிருந்து பழைய டி.சி. புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். அடிக்கட்டையில் என் கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. அம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பெண் குனிந்து வாசித்தாள். பிறகு நிமிர்ந்து அம்மாவிடம் கன்னடத்தில் கேட்டாள்: “நீயாம்மா கேட்டே? நீ கேட்டுத்தான் என்னை அனுப்பினாங்கன்னு எழுதியிருக்கு.”

அந்த அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் மகள் பக்கம் திரும்பி, “ஆமா, நான்தான் கேட்டேன். மேடம் வேண்டாம்னுதான் சொன்னாங்க” என்றாள்.

எனக்குக் கன்னடம் புரியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இல்லை, நான்தான் அனுப்பினேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். அதை எழுதிக் கொடுத்திருந்தால் மனுவுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். கிடைக்குமோ கிடைக்காதோ, போட்டாவது பார்த்திருக்கலாம். எனக்கு ஒரு மெமோ வந்திருக்கும், ஒரு விசாரணை நடந்திருக்கும், தலையா போயிருக்கும். நான் புத்தகத்தை மூடி பீரோவில் வைத்தேன். பீரோவைப் பூட்டினேன். “அடுத்த வருஷம் திரும்ப எழுதிப் பாரும்மா” என்றேன். ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து படிக்கிற குடும்பமா அது என்று எனக்கே தெரியும்.

அவள் இப்போது நர்சிங் படிக்கிறாள். நான் இப்போதும் மூன்று பட்டியல் போட்டு அந்தப் பாடத்தை நடத்துகிறேன். பக்கத்து வகுப்பு டீச்சர் இப்போதும் நின்று கேட்கிறார். பாகலூர் பஸ்ஸில் எப்போதாவது அந்த அம்மாவைப் பார்ப்பேன். நாள் முழுக்கப் பண்ணையில் நின்றே வேலை செய்துவிட்டு வருகிறவள், என்னைக் கண்டதும் எழுந்து, “உக்காருங்க மேடம்” என்று இடம் கொடுப்பாள்.

நான் உட்கார்ந்துகொள்கிறேன்.