லூர்துராணி படித்த படிப்பு

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த தைரியராஜின் மூத்த மகள் லூர்துராணி. அவள் எஸ்.எஸ்.எல்.சி. தேறியபோது அந்தக் காலனிப் பெண்பிள்ளைகளுக்கு மூன்று வழிதான் இருந்தது: டீச்சர் டிரெயினிங், டைப்ரைட்டிங், நர்சிங். டைப் அடிக்க நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார வேண்டும். வகுப்பெடுக்கத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். இரண்டும் தனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சிங் சேர்ந்தாள். அது ஐம்பத்தேழாம் வருஷம்.

வேலை அவளுக்கு நன்றாகவே வந்தது. ஹாஸ்டலில் வேறொரு காரியத்துக்காகவும் அவளைத் தேடினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும் முன் பெண்கள் சீப்பும் கையுமாக அவள் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். யாருக்கு வகிடு நடுவில், யாருக்கு ஓரத்தில், எவள் நெற்றிக்கு முடியைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அதை எல்லாரும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஷரபுன்னிசா வார்டுக்கு வரும்வரை அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஷரபுன்னிசா பெரிய கடைவீதி ஜவுளி வியாபாரி ஒருவரின் மகள். நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. பம்பாயில் அழகுக்கலை படித்ததாகச் சொல்லிக்கொண்டு வீடு வீடாக வந்த ஒரு பெண்பிள்ளை, நிறம் கூடும் என்று ஏதோ களிம்பைத் தடவிவிட்டுப் போயிருந்தாள். விடிந்து பார்த்தால் இரண்டு கன்னமும் வெந்து தோல் உரிந்திருந்தது. களிம்பு போட்டவள் ஊரிலேயே இல்லை. லூர்துராணிதான் தினமும் மருந்து வைத்துக் கட்டினாள். புண் ஆறி, புதுத்தோல் வந்து, வீட்டுக்குக் கிளம்புகிற சமயம் ஷரபுன்னிசாவின் தாயார் சாரா பீவி லூர்துராணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நர்சம்மா, உங்க கை பூ மாதிரி இருக்கு. கல்யாணத்தன்னிக்கு நீங்களே வந்து புள்ளைய ஜோடிச்சு விட்ருங்க. வேற யாரையும் தொடவிட எனக்குத் துணிச்சல் இல்ல."

சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் லூர்துராணி சொல்லவில்லை.

"வேணாம்மா. தலை பின்னிவிடத் தெரியும். இந்தத் தோல் மேல எதைப் போடலாம், எதைப் போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாம தொடமாட்டேன்."

"தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?"

லூர்துராணி டாக்டரம்மாவைக் கேட்டாள். ஒன்றும் பூச வேண்டாம் என்பதோடு அவர் முடித்துக்கொண்டார். திருச்சியில் அதற்குமேல் கேட்க ஆள் இல்லை. ஷரபுன்னிசா வெறும் முகத்தோடு பூச்சரத் திரைக்குள் உட்கார்ந்து நிக்காஹ் முடிந்தது, நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் சாரா பீவி கேட்ட கேள்வி லூர்துராணியை விடவில்லை. தெரிந்தவர்கள் யாரும் இல்லாத ஊரில் தான் தெரிந்தவளாக ஆகிவிடலாமே என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளுக்கு ஒரு பயமும் இல்லை.

நர்சிங்கை முழுதாக முடித்தாள். வேலை உத்தரவு கைக்கு வந்த அன்று சாயங்காலம் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள். தைரியராஜ் ஷிப்டு முடிந்து வந்து சைக்கிளைச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தார்.

"முகத்துக்குப் பவுடர் போடுறதெல்லாம் ஒரு படிப்பாம்மா?"

"படிக்காதவ போட்டதுனாலதானேப்பா அந்தப் பொண்ணு மூஞ்சி வெந்து போச்சு. நீங்க அப்ரண்டிஸா எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"அஞ்சு."

"இரும்புக்கே அஞ்சு வருஷம்னா, தோலுக்கு வேணாமா?"

அவர் கைகால் கழுவினார். அப்புறம், "எங்க சொல்லித் தர்றாங்கன்னு விசாரி. நானும் கூட வரேன். பார்த்துட்டுத்தான் சேரணும்" என்றார். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

மெட்ராஸில் இரண்டு இடம் பார்த்தார்கள். மவுண்ட் ரோட்டுப் பக்கம் இருந்த முதல் இடம் பளபளப்பாக இருந்தது. ஆறே வாரத்தில் டிப்ளமோ. தங்க முத்திரை போட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டே கொடுத்துவிடுவார்கள். மாணவிகள் பொம்மைத் தலையில் சவுரி வைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். லூர்துராணி அங்கிருந்த அம்மாளிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒரு கிரீம் ஒருத்தர் தோலுக்கு ஒத்துக்காம போனா என்ன செய்யணும்?"

"நம்ம கிரீம் அப்படியெல்லாம் ஆகாதும்மா. எல்லாம் உசந்த சரக்கு."

அவள் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். படியிறங்கும்போது, "ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?" என்றார் தைரியராஜ். "ஆகாதுன்னு சொல்றவங்க, ஆயிட்டா என்ன செய்யணும்னு எப்படிப்பா சொல்லித் தருவாங்க?" என்றாள்.

இரண்டாவது இடம் எழும்பூரில் ஒரு சந்துக்குள். மூன்று தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கிற ஒரு சீனக் குடும்பம் நடத்திய கடை. மிஸஸ் சென் என்று எல்லாரும் கூப்பிட்ட அந்த அம்மாள் மெட்ராஸ் தமிழ் பேசினாள். அதே கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை. லூர்துராணியின் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதுக்குப் பின்னால் விரல் நுனியால் ஏதோ தடவினாள்.

"நாளைக்கு இதே நேரம் வா. செவந்திருந்தா உனக்கு இது ஆவாது. புது ஆளு யாரு வந்தாலும் மொதல்ல இப்படித்தான்."

படிப்பு ஒன்றரை வருஷம். முதல் இரண்டு மாதம் துண்டு துவைப்பதும், சீப்பு, கத்தரிகளை வெந்நீரில் போட்டு எடுப்பதும்தான் வேலை. சர்டிபிகேட் கிடையாது.

"ஊர்ல போய்க் கடை வச்சா, எங்க படிச்சேன்னு கேப்பாங்களே. நீங்க எழுதிக் கொடுக்கணும்" என்றாள் லூர்துராணி.

"நீ ஒழுங்கா செஞ்சா எழுதித் தரேன். செய்யலைன்னா மாட்டேன்."

"சரி" என்றாள் லூர்துராணி. அறுபத்தோராம் வருஷம் ஜூன் மாதம் சேர்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் பழகிய கைக்கு வெந்நீரும் துண்டும் புதிதில்லை. முடி வெட்டவும் சுருட்டவும், தோலின் வகை பார்க்கவும், தழும்பை நிறத்தோடு நிறமாக மறைக்கவும் கற்றுக்கொண்டாள். தழும்புக்கு ஒரே நிறத்தை அப்பக் கூடாது. கீழே ஒரு சாயல், மேலே ஒரு சாயல் என்று மெல்லிசாக ஏற்ற வேண்டும். அதை மட்டும் பழக அவளுக்கு மாதக்கணக்கில் ஆயிற்று.

அடுத்த வருஷம் படிப்பு முடியப் போகிற சமயத்தில் சீனாவோடு சண்டை வந்தது. வாடிக்கைக்காரர்கள் ஒரே வாரத்தில் நின்றுபோனார்கள். மிஸஸ் சென் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பெயர் பதிந்துவிட்டு வர வேண்டியிருந்தது. கூடப் படித்த இரண்டு பெண்களை வீட்டுக்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு நாள் காலையில் கடைக்கதவில் யாரோ தார் ஊற்றியிருந்தார்கள். லூர்துராணி மண்ணெண்ணெய் வாங்கி வந்து, புடவையைச் செருகிக்கொண்டு துடைக்க உட்கார்ந்தாள்.

"நீயும் ஊருக்குப் போயேன்" என்றாள் மிஸஸ் சென்.

"இன்னும் எனக்குப் புருவம் சரியா வரலைங்க. முடிச்சிட்டுத்தான் போவேன்."

ஆள் வராத கடையில் அவள் பழகுவதற்கு மிஸஸ் சென் தன் முகத்தையே கொடுத்தாள். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள், தெரிந்த வேலை ஒவ்வொன்றையும் தன் எதிரே செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைக்காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வருஷம் புத்தூரில் மாடியில் இரண்டு அறை பிடித்து, 'லூர்துராணி, பெண்கள் அழகு நிலையம்' என்று பலகை மாட்டினாள். உள்ளே சுவரில் நர்சிங் சர்டிபிகேட்டும் மிஸஸ் சென் கொடுத்த காகிதமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. தைரியராஜ் வந்து பார்த்தார்.

"அந்தச் சீனப் பேர் போட்ட காகிதத்தை மட்டும் எடுத்துப் பெட்டிக்குள்ள வச்சிக்கோ ராணி. ஒர்க்‌ஷாப்ல ஒரு மாதிரி கேக்கிறாங்க."

"நர்ஸ்னா ஊசி போடத் தெரியும்னு நம்புவாங்க. இந்த வேலை தெரியும்னு சொல்றது அந்தப் பேர்தான்பா. அதை ஒளிச்சு வச்சிட்டு நான் என்னன்னு சொல்லிக்குவேன்?"

அவர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் கேட்டவர்களுக்கு அவரே ஏதோ பதில் சொல்லிக்கொண்டார் போலிருக்கிறது.

முதலில் ஆஸ்பத்திரி நர்சுகள் வந்தார்கள். பிறகு பொன்மலையிலிருந்து சட்டைக்காரப் பெண்கள், அதாவது ஆங்கிலோ இந்தியப் பெண்கள், முடி வெட்டிக்கொள்ள வந்தார்கள். அறுபத்தைந்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஆள் வந்தது. உத்தர வீதியில் வேதவல்லி என்கிற அம்மாளின் மகளுக்குக் கல்யாணம். பெண்ணுக்குச் சின்ன வயதில் அம்மை போட்ட வடு முகம் முழுக்க இருந்தது. லூர்துராணி முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே போனாள். வேதவல்லி ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"இது லண்டன்லேர்ந்து என் மச்சினர் அனுப்பினது. இதையே போட்டுடு."

லூர்துராணி அதில் ஒரு பொட்டும், தன் பையிலிருந்து ஒரு பொட்டும் எடுத்துப் பெண்ணின் இரு காதுக்குப் பின்னாலும் தடவிவிட்டு வந்தாள். மறுநாள் போய்ப் பார்த்தபோது லண்டன் கிரீம் போட்ட இடம் சிவந்து தடித்திருந்தது.

"இதைப் போடமாட்டேங்க."

"கொஞ்சமாப் போட்டா என்னவாம்? அத்தனை தூரத்திலேர்ந்து வந்திருக்கோன்னோ."

"கொஞ்சம் போட்டதுக்கே இப்படி. முகத்துல போட்டா நாளைக்கு மணையில உங்க பொண்ணு அழுதுகிட்டு உட்காந்திருக்கும். நான் வேணாம்னா இப்பவே கிளம்பிடறேன். இதை மட்டும் போடச் சொல்லாதீங்க."

வேதவல்லிக்கு முகம் சுருங்கிவிட்டது. "இதுக்குன்னு வாசிச்சவளாமே நீ. எங்கே வாசிச்சே?"

"மெட்ராஸ்ல, ஒரு சீன அம்மாகிட்ட."

வேதவல்லி பதில் சொல்வதற்குள், உள்ளேயிருந்து மணப்பெண்ணே, "அம்மா, அவா சொல்றபடி பண்ணட்டும். எனக்கு எரியறது" என்றாள். அதோடு விவகாரம் முடிந்தது. முகூர்த்தத்தன்று விடியற்காலையில் லூர்துராணி வடுக்களின் மேல் சாயல் மேல் சாயலாக ஏற்றி, ஆண்டாள் கொண்டை போட்டுப் பூ வைத்து முடித்தாள். வேதவல்லி பெண்ணை வெளிச்சத்தில் நிறுத்தி வெகு நேரம் பார்த்தாள். பிறகு தானும் லூர்துராணியின் எதிரில் உட்கார்ந்து, "என் தலையையும் கொஞ்சம் சரி பண்ணிவிடு" என்றாள். அந்த வீதியில் அதற்குப் பிறகு லூர்துராணி இல்லாமல் கல்யாணம் நடந்தது குறைவு.

அறுபத்தெட்டில், அவள் நர்சிங் படித்த ஆஸ்பத்திரியிலிருந்தே கூப்பிட்டார்கள். தீக்காயம் ஆறியவர்களுக்குத் தழும்பை மறைக்கக் கற்றுக்கொடுக்க, சனிக்கிழமைதோறும் வர முடியுமா என்று கேட்டார்கள். முதல் சனிக்கிழமை வந்தவள் வீராயி. வையம்பட்டிக்காரி, அடுப்பு வெடித்துக் கன்னம் வெந்தவள். லூர்துராணி பூச்சை அவள் கையிலேயே கொடுத்து, பார்த்துப் பார்த்துப் போட வைத்தாள். இரண்டு தடவை அழித்துவிட்டு மூன்றாம் தடவை சரியாக வந்தது. வீராயி கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"இதோட சந்தைக்குப் போவலாங்களா?"

"தாராளமா போங்க. வேர்த்தா மட்டும் தேய்ச்சுடாதீங்க. முந்தானைய மெதுவா ஒத்தி எடுங்க."

வீராயி அங்கேயே முந்தானையை எடுத்து, எப்படி ஒத்த வேண்டும் என்று ஒரு தரம் செய்து காட்டினாள்.