இரும்புக் கடை விலாசத்துக்கு வந்த கடிதங்கள்

அப்போது நான் கோவில்பட்டியில் குடியிருந்தேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணித இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் வேலை. காலையில் ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். வெளிநாட்டிலிருந்து எனக்கு வரும் கடிதங்கள் மட்டும் வீட்டுக்கு வராது. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் இருந்த ஓர் இரும்புக் கடையின் விலாசத்தைக் கொடுத்திருந்தேன். கடைக்காரரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். இளவயதில் கொழும்பில் இருந்தவர், இங்கிலீஷ் நன்றாகப் படிப்பார். கடிதத்தை நீட்டும்போது தபால்தலையை ஒரு முறை பார்ப்பார். வேறு எதுவும் கேட்கமாட்டார்.

வீட்டு விலாசத்தைக் கொடுக்காததற்குக் காரணம் இருந்தது. ஜெர்மனியில் ஒரு பேராசிரியருக்கு, அவரிடம் இரண்டு வருடம் வந்து ஆராய்ச்சி செய்ய விரும்புவதாக எழுதியிருந்தேன். கல்யாணமாகி மூன்றாவது வருடம். மனைவியிடம் சொல்லவில்லை. கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். கிடைத்தாலும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆராய்ச்சி என்று பெரிதாகச் சொன்னாலும் விஷயம் எங்கள் ஊர் மண்தான். மழை வரும்வரை கரிசல் வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் கையை முழங்கைவரை விடலாம். வெயிலின் சூடு அந்த வெடிப்பு வழியாக எவ்வளவு ஆழம் போகிறது, போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்பதை ஒரு சமன்பாட்டில் அடைக்கப் பார்த்தேன். வெடிக்காத மண்ணுக்கு அந்தக் கணக்கை எப்போதோ போட்டு முடித்துவிட்டார்கள். உச்சி வெயிலில் மேலே கால் வைக்க முடியாது; ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆழத்திலோ அப்போதுதான் முந்தின ராத்திரியின் குளிர் வந்து சேர்ந்திருக்கும். வெடித்த மண்ணில் இந்த ஒழுங்கு குலைந்துபோகிறது. எப்படிக் குலைகிறது என்பதுதான் என் கேள்வி. சனி, ஞாயிறுகளில் சைக்கிளில் பசுவந்தனைப் பக்கம் போவேன். பாய் கடையில் வாங்கிய கம்பியில் தெர்மாமீட்டரைக் கட்டி வெடிப்புக்குள் இறக்கி, அரை மணிக்கு ஒரு முறை நோட்டில் எழுதுவேன்.

பாகிஸ்தானோடு சண்டை நடந்த சமயம் அது. ஒற்றர்களைப் பற்றித்தான் ரயிலில் பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் என் பக்கத்தில் வந்து கம்பை ஊன்றி நின்றார்.

"என்னவே பாக்குதீரு உள்ள?"

"மண்ணுல சூடு எவ்வளவு இருக்குன்னு பாக்குதேன்."

"சூடு காலுக்குத் தெரியாதாக்கும்? அதுக்கு எதுக்குக் கம்பி?"

நான் விளக்க விளக்க அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. கடைசியில் ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு ஊர்ப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு நாலு நாள்கூட நிலைக்கவில்லை. அந்த வாரம் வந்த கடிதத்தின் உறையை யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கை. ஜெர்மனியில் சோற்றுப் பசைக்கு எங்கே போவார்கள்? பழைய உறைகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இன்னும் இரண்டில் அதே பசை.

பாயைத் தவிர வேறு யார்? எனக்கு அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை. அதுவரை கண்ணில் படாததெல்லாம் பட ஆரம்பித்தது. நான் கடைக்குள் நுழைந்ததும் ரேடியோவை அணைக்கிறார். புதியம்புத்தூர்க்காரர் என்று ஒருவர் வந்தால் இருவரும் உள்ளே போய்ப் பேசுகிறார்கள். என் கம்பியையும் தெர்மாமீட்டரையும் பற்றி ஏன் இத்தனை நாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்காதிருந்ததும் குற்றமாகிவிட்டது.

ஆடு மேய்த்தவர் போய்ச் சொல்லியிருக்கிறார்; சனிக்கிழமை காலை போலீஸ் ஏட்டையா வீட்டுக்கு வந்தார். நோட்டையும் கடிதங்களையும் கேட்டு வாங்கினார். மனைவி அடுக்களை வாசலில் நின்றாள்.

"இது என்ன எழுத்து சார்?"

"கிரேக்க எழுத்து. கணக்குல வரும்."

"அந்த நாட்டுக்காரனுக்கும் இதுல பங்கு உண்டா?"

இல்லை என்றேன். அவர் சந்தேகம் என்மேல் நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. "நான் சொல்லணும்னே இருந்தேன். கடிதமெல்லாம் இரும்புக் கடைக்குத்தான் வருது. அங்க யாரோ பிரிச்சுப் படிக்கிறாங்க" என்றேன். யாரோ என்றுதான் சொன்னேன். யார் என்று அவருக்குப் புரிந்தது. எழுந்து போய்விட்டார்.

மனைவி உள்ளே போனாள். பாத்திரம் ஒன்று கீழே விழும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் கடைத்தெருவில் செய்தி தெரிந்தது. பாயைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், காலையிலிருந்து பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக் கடிதத்தில் என்னதான் இருக்கும் என்ற ஆசையில் தானேதான் பிரித்துப் பார்த்ததாக ஒப்புக்கொண்டாராம். நான் நினைத்தது சரி என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"அவிய பொய் சொல்லுதாவ," என்றாள். "பிரிக்கச் சொன்னது நாந்தான்."

எனக்குப் புரியவில்லை.

"ஒரு வெள்ளிக்கிழமை கடை அடைச்சிருக்குன்னு தபால்காரர் இங்கன கொண்டாந்து நீட்டினாரு. உங்க பேரு, கடை விலாசம், வெளிநாட்டு ஸ்டாம்பு. நான் வாங்கல. கடை தொறந்ததும் பாய்ட்ட போய்க் கேட்டேன். எனக்குத் தெரியாதும்மான்னாவ. நான் அழுதேன். அப்புறம் பிரிச்சுப் படிச்சுச் சொன்னாவ. பூராவும் கணக்குதான், நடுவுல ரெண்டு வருசம் அங்க தங்குத பேச்சு இருக்குன்னாவ. வீட்டுக்காரரே சொல்லுவாரு, பொறுமையா இரு தங்கச்சின்னாவ. நானும் இருந்தேன். நீங்க சொல்லல."

சட்டையை மாட்டினேன். அவளும் கூடவே வந்தாள். ஸ்டேஷனில் ஏட்டையாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "புருசன் பொண்டாட்டி சண்டைக்கு நாங்க ஒரு ஆள பகல் பூரா உக்கார வச்சிருக்கோம்" என்றார்.

பாய் பெஞ்சிலிருந்து எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். என்னைப் பார்க்கவில்லை. "எதுக்குத் தங்கச்சி நீ இங்கெல்லாம் வார?" என்று மட்டும் அவளிடம் கேட்டார்.

மறுநாள் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பூட்டு ஒன்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே சார்," என்றார். "கேட்டிருந்தா தங்கச்சிய மறைச்சு ஒரு பொய் சொல்லியிருப்பேன். ஆனா நீங்க கேட்டிருக்கலாம்."

அதற்குப் பிறகு கடிதங்கள் வீட்டுக்கே வந்தன. அடுத்த மாதம் ஜெர்மனியிலிருந்து வரச் சொல்லி எழுதினார்கள். அதை மனைவிக்கு வரிக்கு வரி தமிழில் சொன்னேன். "போகணும்னு இருந்தா போங்க" என்றாள். அவள் குரலில் நம்பிக்கை இல்லை. அதை எதிர்பார்க்கும் உரிமையும் எனக்கு இல்லை. அவளையும் கூட்டி வரலாமா என்று எழுதிக் கேட்டேன். தனி ஆளுக்குத்தான் இடம் என்று பதில் வந்தது. நான் போகவில்லை. தியாகம் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை. அந்த வீட்டில் இரண்டு வருட இடைவெளியைத் தாங்குகிற அளவுக்கு எங்களுக்குள் எதுவும் மிச்சமில்லை என்று பயந்தேன்.

வெடித்த மண்ணின் கணக்கை முடிக்க இன்னும் மூன்று கோடை ஆனது. கட்டுரை வெளிவந்தது, பிறகு பேராசிரியர் பதவியும் வந்தது. மனைவி சில ஞாயிற்றுக்கிழமைகளில் பசுவந்தனைக்கு உடன் வந்து, கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வாள். ஆரம்பத்தில், நான் உண்மையிலேயே அங்கேதான் போகிறேனா என்று பார்க்கத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன். பிறகு அவளுக்கே அதில் ஆர்வம் வந்துவிட்டது.

பாய் கடையில் ஆணி, கொக்கி, கம்பி எல்லாம் கேட்டதும் கிடைத்தன. விசாரிப்பும் மரியாதையும் குறையவில்லை. நான் உள்ளே நுழையும்போது மட்டும், முன்போல ரேடியோவை அணைக்கமாட்டார்; சத்தத்தைக் கூட்டி வைப்பார்.