அமிர்தம் உருவிய கல்

மார்கழி வந்துவிட்டால் குமராட்சியில் எங்கள் தெருவுக்கு அலாரம் தேவையில்லை. கோயில் ஒலிபெருக்கிக்கு முன்பே மணவாளன் அண்ணனின் லாரி இருமத் தொடங்கிவிடும். கர், கர் என்று இழுத்துவிட்டு அடங்கிப்போகும். அவர் இறங்கி வந்து டயரை ஓங்கி உதைப்பார். டயர் என்ன பாவம் செய்ததோ.

அந்த லாரிக்கு அவரே முதலாளி, அவரே டிரைவர். சம்பளமில்லாத கிளீனர் அவர் மனைவி அமிர்தம். எனக்கு எதிர்வீடு. களை பறிக்க வயலுக்குப் போகும் முன் அவளுக்கு இந்த வேலை இருந்தது. கொள்ளிடக் கரைச் சரிவில், மூக்கு கீழே பார்க்க லாரி நிற்கும். முன்சக்கரத்துக்கு ஒரு கருங்கல் முட்டுக்கொடுத்திருக்கும். அமிர்தம் குந்தி உட்கார்ந்து அதை உருவிவிட்டு, விலகி நின்று, "எடுத்துட்டேங்க" என்று குரல் கொடுப்பாள். அவர் ஹேண்ட் பிரேக்கை விட்டு வண்டியை உருட்டி, கியரில் போட்டு கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. சக்கரத்துக்கும் அவள் காலுக்கும் நடுவே அந்தக் கல் ஒன்றுதான்.

2007 மார்கழியில் பனி அதிகம். எஞ்சின் மேல் வெந்நீர் ஊற்றிப் பார்த்தார். ஏர் ஃபில்டர் பக்கம் எரியும் துணியைக் காட்டி மீசையைக் கருக்கிக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் சிதம்பரத்திலிருந்து மெக்கானிக் ஞானசேகரன் வந்தார்.

"பனி மேல பழி போடாதீங்கண்ணே. டீசல் பைப்புல காத்து வாங்குது. வாஷர் மாத்திட்டேன். ஆனா பேட்டரி செத்துப்போச்சு. ஹேண்ட் பிரேக் கேபிளும் அறுந்துபோற மாதிரி இருக்கு. ரெண்டும் புதுசு போடணும்."

"மார்கழில புதுசா எதயும் வண்டில ஏத்த மாட்டேன். தை பொறக்கட்டும்."

"பேட்டரிக்குக் கல்யாணமா பண்ணப் போறீங்க?"

அண்ணன் சிரிக்கவில்லை. என்றோ ஒரு மார்கழியில் வாங்கிய டயர் வெடித்ததாம். அதைச் சொல்லிவிட்டால் அவரிடம் மேலே பேச முடியாது.

"கேபிளயாவது மாத்துங்களேன். கல்லத் தொட்டாலே வண்டி அசையுது, எனக்குப் பயமா இருக்கு" என்றாள் அமிர்தம்.

"இன்னும் ஒரு வாரந்தான். பொறுத்துக்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் லாரி கிளம்பாவிட்டால் செங்கல் சூளை லோடு அடுத்தவனுக்குப் போய்விடும். அமிர்தத்துக்கும் அது தெரியும். மறுநாளும் குந்தினாள்.

போகிக்கு இரண்டு நாள் இருந்தது. எதிரே இருக்கும் ஆள் தெரியாத மூடுபனி. கல் ஈரத்தில் வழுக்க, அவள் பாதி உருவும்போதே லாரி நகர்ந்துவிட்டது. "ஏங்க" என்று கத்தினாள். எடுத்துவிட்டதாகச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் கிளட்சை விட்டார். அந்த மார்கழியில் முதல் தடவையாக எஞ்சின் சட்டென்று பிடித்தது. சந்தோஷத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்து உறுமவிட்டார். அந்தச் சத்தத்தில் அவள் அலறல் அவர் காதில் விழவே இல்லை. நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டியபோது சிரித்த முகத்தோடு எட்டிப் பார்த்தார்.

"பாத்தியாம்மா, இன்னைக்கு எப்படிப் புடிச்சிதுன்னு."

அதே லாரியில்தான் அவளைச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோனோம். வலது பாதம் நசுங்கியிருந்தது. அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். இனி சேற்றில் இறங்கி வேலை செய்வது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கண் விழித்ததும் அண்ணன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"தை பொறந்ததும் பேட்டரி, கேபிளு எல்லாத்தயும் மாத்திடறேன் அமிர்தம். சத்தியமா."

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால்ல பிளேட் வச்சிருக்காங்க. புதுசுதான். இவுங்க யாரும் மார்கழி பாக்கல."