நாய்க்குப் பயந்த துப்பறிவாளன்

ஒரு வாரப் பத்திரிகையில் புனைபெயரில் துப்பறியும் தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். கதாநாயகன் கண்டியில் ஆட்டோ ஓட்டுபவன். ஆறு வாரங்களில் நான்கு திருடர்களைப் பிடித்துவிட்டான்.

என்னைத் தினமும் அலுவலகத்துக்கு ஏற்றிப்போகும் ஆட்டோக்காரர் கண்டிக்கு மேலே மலையிலுள்ள ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஒருநாள் அவருடைய முன்கண்ணாடியருகே அந்தப் பத்திரிகை கிடந்தது.

"தொடர் எப்பிடி, அண்ணை?" என்று ஒன்றும் அறியாதவள் போலக் கேட்டேன்.

"இத எழுதுறவன் ஆட்டோவுல ஏறுனதே இல்ல மிஸ்," என்றார். நான் பின்னால் ஏறித்தான் உட்கார்ந்திருந்தேன். "பின்னால மூணு பேர வச்சிகிட்டு ஹந்தானை ஏத்தத்துல திருடன வெரட்டுறான். ஒரு நாளாவது பெட்ரோல் அடிச்சானா? பயந்தானா?"

எனக்குச் சுருக்கென்றது. "நீங்கள் எதுக்குப் பயப்பிடுவியள்?"

"நாய்க்கு மிஸ். தொரத்துனா ரெண்டு காலையும் சீட்டு மேல தூக்கிக்குவேன்."

அடுத்த வாரம் என் கதாநாயகனும் காலைத் தூக்கிக்கொண்டான். திருடன் தப்பிவிட்டான். கதாநாயகன் மனைவியிடம் பிரேக் பழுதென்று பொய் சொன்னான்.

பத்திரிகை வந்த அன்று ஆட்டோக்காரரின் முகம் கடுத்திருந்தது. "ஆம்பள இப்படியா நாய்க்குப் பயப்படுவான்? நம்புற மாதிரியே இல்ல!"

சிரிப்பை அடக்கத் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் குரல் தாழ்ந்திருந்தது. "என் பொண்டாட்டி படிச்சிட்டா மிஸ். கதையில வர்றவன் நான்தான்னு விழுந்து விழுந்து சிரிக்கிறா. பிரேக் கதைய நானும் அவகிட்ட சொல்லியிருக்கேன். எவனோ என்னய வேவு பாக்குறான். சந்தையில நாய் என்னய தொரத்துறப்ப பாத்து சிரிச்ச அந்த மரக்கறிக் கடைக்காரனாத்தான் இருக்கும். போற வழியில ரெண்டு கேள்வி கேக்கப்போறேன்."

பாவம், கடைக்காரர். இனியும் மறைக்க முடியாது.

"எழுதிறது நான்தான், அண்ணை."

வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பி என்னையே பார்த்தார். இறங்கு என்று சொல்லப்போகிறார் என நினைத்துப் பையை எடுத்தேன்.

"நீங்களா?" என்றார். பிறகு மெதுவாக, "அப்போ அவன் நாய்கிட்ட ஒரு தடவயாவது ஜெயிக்கட்டும் மிஸ்."

நாயை அடித்து விரட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த வாரம் கதாநாயகன் ஆட்டோவைவிட்டு இறங்கினான். நாயைப் பார்க்காமல், அதைத் தாண்டி நடந்துபோனான். அவ்வளவுதான்.

அந்த இதழ் வந்த காலையில் அவர் அதை முன்கண்ணாடியருகே எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருந்தார். மிக நேராக உட்கார்ந்து ஓட்டினார். சந்தையைத் தாண்டினோம், என் அலுவலகத்தையும் தாண்டினோம். அடுத்த சந்திவரை விட்டுவிட்டுத்தான் சொன்னேன்.

"அண்ணை, என்ர ஒஃபிஸ் தாண்டிப் போட்டுது."