அழிக்கச் சொன்ன கல்யாணம்

பிள்ளைகளே, வேலை பார்த்த இடத்தில் முதலாளியின் முகத்தைப் பார்த்து "முடியாது" என்று நான் சொன்னது ஒரே ஒரு தடவைதான். அதைத் தப்பு என்று இன்றுவரை நினைக்கவில்லை. நினைக்கப்போவதும் இல்லை.

பதுளை டவுனில் ஒரு ஸ்டூடியோ. நம் பெரியவள் நடக்கப் பழகிக்கொண்டிருந்த காலம். பிலிம் ரோல் போய் டிஜிட்டல் கேமரா வந்துவிட்டது. கல்யாணப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நிறம் சரிசெய்து, ஆல்பத்துக்கு அடுக்கிக் கொடுப்பது என் வேலை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்தவன், சாதாரண தரப் பரீட்சையும் முழுதாகப் பாஸாகாதவன். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்ததே சிலருக்கு வேடிக்கையாக இருந்தது.

கம்ப்யூட்டர் அடிக்கடி நிரம்பிவிடும். அதற்காக முதலாளி கொழும்பிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டி வாங்கி வைத்தார். படங்களின் பிரதி வயர் வழியாக அதற்குள் போய்ச் சேரும். சேர்ந்ததும் கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்து இடம் எடுத்துக்கொள்ளலாம். ஆட்கள் வராத பின்னேரங்களில் நான் பிரதி எடுப்பேன். கடைசியில் திரையில் "முடிந்தது" என்று காட்டும்.

ஒரு நாள் பின்னேரம், ஸ்பிரிங்வெளியில் எடுத்த கல்யாணம் ஒன்றுக்கு ஆல்பம் இன்னும் போடவில்லை. மறுநாள் பண்டாரவளைக் கல்யாணப் படங்கள் வந்துவிடும், அதற்கு இடம் வேண்டும்.

"பெட்டிக்குப் போயிருச்சுல்ல? கம்ப்யூட்டர்ல உள்ளத அழிச்சிரு" என்றார் முதலாளி.

"தொறந்து பாத்துட்டு அழிக்கிறேன் முதலாளி."

"பச்ச லைட்டு எரியிது. முடிஞ்சதுன்னு எழுதியும் காட்டுது. இதுக்கு மேல அது வாயத் தொறந்து சொல்லணுமா?"

பில் போடும் அக்கா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்தில் காலையில் வேலைக்கு முன்னால் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். கூப்பிட்டால் ஆள் குரல் கொடுக்க வேண்டும். புத்தகத்தில் பேர் இருக்கிறது என்பதற்காக ஆள் வந்ததாக எந்தக் கங்காணியும் எடுத்துக்கொள்ள மாட்டார். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பெட்டிக்குள் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

"இங்க என்ன பெரட்டா நடக்குது? லயத்துப் பழக்கத்த லயத்தோட விட்டுட்டு வா."

"அந்தப் பழக்கத்த விடமாட்டேன் முதலாளி. இங்க பாருங்க."

ஒரு படத்தில் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை இருந்தது, முகம் இல்லை. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அடுத்ததில் பொண்ணு கழுத்து வரைக்கும்தான். பிறகு சில படங்கள் நன்றாக இருந்தன. அப்புறம் திரும்பவும் பாதி.

"நீதான் இடையில கம்ப்யூட்டர நிப்பாட்டியிருப்ப."

"நிப்பாட்டல."

"அப்ப பெட்டி கடிச்சுத் தின்னுருச்சா?"

அக்கா மெதுவாகச் சொன்னார்: "சரின்னு சொல்லிட்டுப் போங்க தம்பி. புள்ளக்காரரு நீங்க."

"செய்யாததச் செஞ்சேன்னு எப்படிக்கா சொல்றது?"

முதலாளி பெட்டி விற்றவருக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். அந்த மனுஷன் பொறுமையாக விளக்கினார். பிரதி போய்க்கொண்டிருக்கும்போது தொடர்பு அறுந்தால் படம் பாதியில் நின்றுவிடும். அடுத்த தடவை அந்த புரோகிராம் பேரை மட்டும்தான் பார்க்கும். பேர் இருந்தால் படம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போய்விடும். பாதி பாதியாகவே கிடக்கும், திரை "முடிந்தது" என்று சொல்லும். எங்கே அறுபடுகிறது என்று பார்க்கச் சொன்னார்.

பாதிப் படங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பவும் பிரதியை ஓடவிட்டேன். சித்திரை மாதப் பின்னேரம், வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் இடி உருண்டதும் முதலாளி எழுந்து வந்தார். என் மேசைக்குப் பின்னால் கையை விட்டு டெலிபோன் வயரையும் இன்டர்நெட் ரவுட்டரின் பிளக்கையும் சேர்த்துப் பிடுங்கினார். இடி இடிக்கும்போதெல்லாம் அவர் செய்வதுதான். பக்கத்துக் கடையில் டெலிபோன் வயர் வழியாக மின்னல் இறங்கி எல்லாம் கருகியதிலிருந்து அந்தத் தெருவில் எல்லாரும் அப்படித்தான். ஆனால் அன்றைக்குத்தான் அந்த நேரத்தில் என் கண் திரையில் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த கோடு அப்படியே நின்றது.

"முதலாளி, எதப் புடுங்குனீங்க?"

"டெலிபோன. இடி இடிக்கிறது காது கேக்கலயா?"

"அந்த ரவுட்டர் வழியாத்தான் படமும் போகுது."

"ஒன் பெட்டிய நான் தொட்டேனா?"

"தொடவே வேணாம். பாருங்க, நின்னுருச்சு."

குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு, "எதுவா இருந்தாலும் நாளைக்கு எனக்கு எடம் வேணும். அழி" என்றார்.

"முடியாது முதலாளி."

"வேல வேணுமா, வேணாமா?"

"வேணும். ஆனா அழிக்க மாட்டேன். அந்தச் சனத்தக் கூப்புட்டு இன்னொரு தடவ மாலையப் போட்டுக்கிட்டு நில்லுங்கன்னு நீங்க கேப்பீங்களா? என்னால முடியாது. வேணும்னா நீங்களே அழிங்க."

எழுந்து நாற்காலியை விட்டு விலகி நின்றேன். முதலாளி உட்கார்ந்து மவுஸில் கை வைத்தார். முகமில்லாத மாப்பிள்ளையின் படத்தை நான்தான் திரையில் திறந்து வைத்திருந்தேன். அவர் கை அசையவில்லை. வெளியே மழை கொட்டியது.

"மழ விடட்டும்" என்று எழுந்து போனார்.

மறுநாள் காலை, வெயில் பளிச்சென்று இருந்தபோது, அந்தக் கல்யாணத்தின் பழைய பிரதியைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் புதிதாக அனுப்பினேன். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதலாளி பின்னால் வந்து நின்றார்.

"இப்பயாவது அழிக்கலாமா தொர?"

"இன்னுங் கொஞ்சம் இருக்கு முதலாளி."

"பண்டாரவளப் படம் வந்துருச்சு. கேமராக்காரன் நிக்கிறான்."

"நிக்கட்டும்."

அக்கா பில் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். முதலாளி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டுச் சனம் முழுசையும் என்னோடு சேர்ந்து பார்த்தார். கடைசிப் படமும் காலோடு தலையோடு திறந்தது.

அதற்குப் பிறகுதான் அழித்தேன்.